குருவின் உடம்பை யார் பேணினார்?



மயிலாப்பூர்ச் சாந்தோம் ஆலயத்திலிருந்து கடலை இடப்புறம் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டால், 40 கிலோமீட்டருக்குள் கோவளம் வந்துவிடும். அதற்குத் தெற்கே 20 கிலோமீட்டர் அளவில் மாமல்லபுரம். இன்னும் தெற்கே டச்சு வணிகர் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினம். அதற்கும் அப்பால் பாலாறு கடலோடு கலக்கும் இடம். மாமல்லபுரத்திலிருந்து மேற்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டை அடையலாம். பல்லவரின் கற்கோயில்களையும், பிற்காலத்து வணிகர் கோட்டைகளையும், 1752-இல் கிளைவ் கோவளத்தையும் செங்கற்பட்டையும் பிரெஞ்சுக்காரர் பக்கமிருந்து கைப்பற்றியதையும் நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அந்தப் புத்தகங்களில் இல்லாதது. இந்தக் கடற்கரையிலும் இதைச் சூழ்ந்த நாட்டிலும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பணி செய்து வந்திருக்கும் கத்தோலிக்கக் குருமார், நோயுற்றபோதும் முதுமையுற்றபோதும் எவருடைய கவனிப்பில் இருந்தார்கள் என்பதே அது.

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். நம் ஊரில் ஒரு முதியவர் படுத்துவிட்டால் மகன் வைத்தியரை அழைத்து வருவான். மருமகள் கஞ்சி வைப்பாள். பேரன் கால் பிடித்துவிடுவான். இவை எதுவும் சட்டத்தினால் நடைபெறுவன அல்ல. குடும்பம் என்ற அமைப்பினால் நடைபெறுவன. கத்தோலிக்கக் குருவோ அந்த அமைப்பைத் தாமே துறந்து வந்தவர். அவர் நோயாளியைக் காணச் செல்கிறார்; சாகுந் தறுவாயில் இருப்பவருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கிறார்; நள்ளிரவில் அழைத்தாலும் எழுந்து போகிறார். அவருக்கே காய்ச்சல் வந்தால்? இக்கேள்விக்குத் திருச்சபை ஒரே நாளில் விடை கண்டுவிடவில்லை. கண்ட விடையும் பல குருமாரின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்ட விடைதான்.

1545-ஆம் ஆண்டு சவேரியார் மயிலாப்பூருக்கு வந்தார். மலாக்காவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் நான்கு மாத அளவு அங்கே தங்கினார். தங்கியது அரண்மனையிலும் அன்று, சத்திரத்திலும் அன்று. அவ்வூர்ப் பங்குக் குருவாக இருந்த கஸ்பார் கொயெலோ என்பவரின் இல்லத்தில். முத்துக்குளித்துறையில் வெயிலிலும் மணலிலும் அலைந்து, அடுத்து எங்கே செல்வது என்று தெளியாமல் இருந்த ஒரு மனிதருக்கு, அந்த நான்கு மாதமும் தம்மைப் போன்ற இன்னொரு குருவோடு ஒரே கூரையின்கீழ் வாழும் வாய்ப்புக் கிடைத்தது. சவேரியாரின் வரலாற்றை எழுதுவோர் அவர் மயிலையில் செய்த இரவு வேண்டுதல்களையே விரித்துப் பேசுவர். எனக்கு அந்த வீட்டின்மீதும் கண் செல்கிறது. இருவர் சேர்ந்து உண்பதும், ஒருவர் முகவாட்டத்தை மற்றவர் காண்பதும் சிறிய செய்திகள் போலத் தோன்றும். பின்னால் அவற்றுக்கு வருவோம்.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து அதே மயிலைக்கு வேறொருவர் வந்தார். அவர் இராபர்ட் தெ நொபிலி. தத்துவ போதக சுவாமிகள் என்று தமிழர் அழைத்தவர். 1577-இல் இத்தாலியில் பிறந்து, 1606-இல் மதுரையை அடைந்தவர். காவி உடுத்து, மரக்கட்டைச் செருப்பு அணிந்து, புலாலும் மதுவும் நீக்கி, நாள் ஒன்றுக்கு ஒரு வேளை மட்டும் சோறும் காய்கறியும் பாலும் உண்டு வாழ்ந்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். நம் நாட்டுத் துறவியின் வாழ்க்கைமுறையை ஓர் ஐரோப்பியக் குரு மேற்கொள்ளலாமா என்று பெரிய வழக்கு எழுந்து, 1623-இல்தான் உரோமாபுரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை.

அவருடைய கடைசிக் காலம் அவ்வளவாக அறியப்படாதது. ஆண்டுகள் பல கழிந்தன. மதுரையில் சிறைவாசமும் நேர்ந்தது. கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. நடந்தும் அலைந்தும் செய்யவேண்டிய பணிக்கு இனி அவர் உடம்பு இடம் தராது என்பதைச் சேசுசபை மேலதிகாரிகள் கண்டார்கள். மதுரையை விட்டு அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் மயிலாப்பூருக்கு மாற்றினார்கள். மயிலையிலும் அவர் தம் துறவு உணவை விட்டுவிடவில்லை. எழுத்துப் பணியையும் விட்டுவிடவில்லை. தாம் சொல்லச் சொல்லப் பிறரை எழுதச் செய்து நூல்களை நிறைவு செய்தார். 1656 சனவரி 16-இல் தம் 78-ஆம் வயதில் அங்கே உயிர் நீத்தார்.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெ நொபிலியின் கடுந்துறவை வியப்பவர்கள் அவருடைய ஒற்றை வேளை உணவையே சொல்லிச் சொல்லி வியப்பார்கள். கண் மங்கியதற்கு அவ்வுணவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் 78 வயதுவரை வாழ்ந்து தமிழ் உரைநடைக்குத் தொண்டு செய்ய முடிந்தது பட்டினியின் பயனன்று. தளர்ந்தபோது 'வா, இங்கே இரு' என்று சொல்ல அவருக்கு ஒரு சபை இருந்ததன் பயன். யாழ்ப்பாணத்திலும் மயிலையிலும் அவர் சபையாருக்கு இல்லங்கள் இருந்தன. சோறு அளக்கவும் கைப்பிடித்து நடத்தவும் ஆட்கள் இருந்தார்கள். துறவின் பெருமையைப் பேசும்போது அந்தக் கைகளை மறந்துவிடுகிறோம்.

இவற்றையெல்லாம் நாம் எப்படி அறிகிறோம்? சேசுசபையார் ஆண்டுதோறும் தம் மேலதிகாரிகளுக்கு விரிவான மடல்கள் எழுதிவந்தார்கள். யார் நோயுற்றார், யார் இறந்தார், யாரை எங்கே மாற்றினோம் என்பன அவற்றில் உண்டு. மடல் எழுதும் கடமை இல்லாத சிற்றூர்ப் பங்குக் குருவின் காய்ச்சலும் இருமலும் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. ஆகவே நம் வரலாற்று அறிவு ஒருபக்கம் சாய்ந்தது. பேணப்பட்டவர்களைப் பற்றியே நாம் மிகுதியும் அறிகிறோம்.

பேணும் அமைப்பு உடைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் இந்நாட்டில் எடுத்துக்காட்டு உண்டு. 1759-இல் போர்த்துகல் அரசு சேசுசபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. மதுரைப் பணிக்கு வந்துகொண்டிருந்த பொருளும் ஆளும் அத்தோடு நின்றன. 1773-இல் திருத்தந்தையே அச்சபையைக் கலைத்துவிட்டார். உள்ளூர்களில் இருந்த குருமாருக்கு ஒரே நாளில் தலைமையும் இல்லை, இல்லமும் இல்லை என்ற நிலை. புதுச்சேரியைச் சார்ந்த பணிக்களம் 1776-இல் பாரிஸ் அயல்நாட்டு மறைபணிச் சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. வந்தவர்கள் இருந்த முதியவர்களை வெளியே தள்ளாமல் உடன் வைத்துக்கொண்டார்கள். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை 1767-இலேயே எடுத்துக்காட்டிய கூர்தூ என்ற அறிஞர் அம்முதியவர்களுள் ஒருவர். புதுச்சேரியை ஆங்கிலேயர் 1778-இல் பிடித்தனர். மறு ஆண்டு அவ்வூரிலேயே அவர் காலமானார். தாம் சேர்ந்த சபை தமக்கு முன்பே இறந்துவிட, வேறொரு சபையாரின் நல்லெண்ணத்தில் முதுமையைக் கழித்த மொழியறிஞர்! நல்லெண்ணம் இருந்தது, நன்று. இல்லாதிருந்தால் எந்த விதியைக் காட்டி அவர் கேட்டிருக்க முடியும்?

கோவளத்துக்கு வருவோம். அங்கே கடற்கரையை ஒட்டி நிற்கும் கார்மேல் அன்னை ஆலயம் 1808-இல் ஜான் தெ மான்டி என்ற போர்த்துகீசிய வணிகரால் எழுப்பப்பட்டது. இவர் பெயரைச் சென்னையில் ஒரு குடியிருப்பின் பெயராகவும், 2015-இல் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக ஒரு பேய்க்கதையாகவும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர் பேயல்லர், பெருஞ்செல்வர், அறச்சிந்தை உள்ளவர். 1821-இல் இறந்தபோது தம் உடைமையில் பெரும்பகுதியைத் திருச்சபையின் அறப்பணிகளுக்காக விட்டுச் சென்றார். இத்தகைய பெருங்கொடைகள் இந்நாட்டில் பல உண்டு. ஆயினும் பொதுவாக ஒன்று சொல்லலாம்: கோயில் கட்டக் கொடுப்பவர் கிடைப்பார், தேர் செய்ய, மணி வார்க்க, திருவிழாவுக்குக் கொடுப்பவர் கிடைப்பார், ஏழைக்குச் சோறிடவும் கிடைப்பார். படுத்த படுக்கையாகிவிட்ட கிழக் குருவுக்குப் பால் வாங்க என்று பொருள் ஒதுக்குவோர் அரியர். மணியில் கொடையாளியின் பெயரைப் பொறிக்கலாம்; பால் குவளையில் பொறிக்க முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கற்பட்டு நாட்டில் இன்னொரு தொல்லை சேர்ந்தது. 1606-இல் அமைந்த மயிலாப்பூர் மேற்றிராசனம் போர்த்துகல் மன்னரின் ஞானாதிக்கத்தைச் சார்ந்தது. 1830-களில் உரோமாபுரி நேராகச் சென்னைக்கு வேறொரு மேற்றிராணியாரை ஏற்படுத்தியது. 1886-இல் அது உயர் மறைமாவட்டமாயிற்று. ஒரே நிலப்பரப்பில் இரண்டு அதிகாரங்கள். அடுத்தடுத்த ஊர்க் கோயில்கள் இரு வேறு ஆயர்களுக்குக் கீழ்ப்பட்டிருந்தன. சச்சரவு முற்றியிருந்த ஆண்டுகளில், ஒரு குருவுக்குக் காய்ச்சல் என்றால் அண்டையூர்க் குரு வந்து பூசை வைத்து உதவுவதுகூட எளிதன்று. இரண்டும் இணைந்து சென்னை–மயிலை உயர் மறைமாவட்டம் ஆனது 1952-இல்தான். ஆட்சி வரலாறு எழுதுவோர் இதை உரிமைப் போராட்டமாக எழுதுவர். எனக்கு இது இரண்டு தனிமைகளின் வரலாறாகவும் தோன்றுகிறது.

இதற்கிடையே, சபைகளைச் சார்ந்த குருமார் மலைகளைக் கண்டுபிடித்தார்கள். சேசுசபை மீண்டும் நிறுவப்பட்ட பின், 1838-இல் பிரெஞ்சுக் குருமார் மதுரைப் பணிக்குத் திரும்பினர். முதல் சில ஆண்டுகளிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் அவர்களுள் பலர் இரையாயினர். கப்பலில் வந்து இறங்கிய இளைஞர், மொழி கற்று முடிப்பதற்குள் கல்லறைக்குச் சென்றார்கள். ஆள் அனுப்புவது மட்டும் போதாது, அனுப்பிய ஆளைக் காப்பாற்றவும் வேண்டும் என்பது அப்போது விளங்கிற்று. கோடைக்கானலில் அவர்கள் இல்லம் அமைத்தார்கள். அதன் அருகே செண்பகனூரில் 1895-இல் குருமாணவர்க்கான கல்லூரியும் எழுந்தது. பாரிஸ் சபையார் நீலகிரியில் வெல்லிங்டனில் புனித தியோடர் பெயரால் ஓர் ஆரோக்கிய இல்லம் நடத்தினார்கள். அச்சபையே 1875-இல் ஹாங்காங்கில் பெத்தானி என்ற ஆரோக்கிய இல்லத்தைக் கட்டியது. கிழக்காசிய நாடுகளில் வெப்பநோய்களால் தளர்ந்த குருமார் அங்கே வந்து தங்கித் தேறினார்கள். 1974 வரை அது அச்சபையாரிடம் இருந்தது. இலாசருவும் மார்த்தாளும் மரியாளும் வாழ்ந்த, இயேசு நாதர் தங்கி இளைப்பாறிய ஊரின் பெயர் பெத்தானி. பெயர் வைத்தவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்கியாக வேண்டும். மாணவர் பலர் இதை அறியார். கத்தோலிக்கக் குருமார் இரு வகையினர். சேசுசபை, சலேசியர் சபை போன்ற துறவற சபைகளைச் சேர்ந்தவர் ஒரு வகை. அவருக்குச் சொந்தப் பணம் கிடையாது. ஆனால் சபையின் இல்லம் உண்டு, உடன் வாழும் சகோதரர் உண்டு, இறக்கும் வரை பார்த்துக்கொள்ளும் பொறுப்புச் சபைக்கு உண்டு. மற்றொரு வகையினர் மறைமாவட்டக் குருமார். ஆயருக்குக் கீழ்ப்பட்டு ஊர்தோறும் பங்குகளில் பணி செய்பவர். 1936-இல் பூவிருந்தவல்லியில் திரு இருதயக் குருமடம் தொடங்கப்பட்டபின், நம் ஊர்ப் பிள்ளைகளே இவ்வாறு குருக்களாகி நம் ஊர்களுக்கு வந்தது பெருகிற்று. இவருக்குக் கோயிலை ஒட்டிய ஒரு வீடு உண்டு. பூசைக் காணிக்கை உண்டு. சமையலுக்கு ஓர் ஆள் இருக்கலாம். பங்கை விட்டு நீங்கும் நாளில் வீடும் ஆளும் அடுத்தவருக்குப் போய்விடும். மலைமேல் இல்லம் எழுந்தபோது, அது முதல் வகையினருக்கே எழுந்தது. சமவெளியில், வெயிலில், தனியாக இருந்தவர் இரண்டாம் வகையினர்.

செங்கற்பட்டு நாட்டில் மருத்துவமனைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. தாம்பரத்துக் காசநோய் ஆரோக்கிய நிலையம் 1928-இல் தோன்றியது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவ நிலையம் 1955-இல் மத்திய அரசின் ஆய்வு நிலையமாயிற்று. செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி 1965-இல் வந்தது. குறை மருத்துவமனையில் இல்லை. 'உங்கள் முகம் சரியில்லையே, வாருங்கள் வைத்தியரிடம் போவோம்' என்று சொல்லும் ஒருவர் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபின் வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் இல்லை.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஊர் ஒன்றில் முதிய பங்குக் குரு ஒருவர் இருந்தார். ஊரையும் பேரையும் சொல்ல வேண்டா. அவருக்கு நீரிழிவு. ஈஸ்டர் முடிந்ததும் வீடு மந்திரிக்கத் தெருத் தெருவாகப் போவார். எல்லா வீட்டிலும் ஒரு தட்டில் பழம், ஒரு குவளையில் சர்க்கரை போட்ட காப்பி. பெரிய வீட்டில் 'வேண்டா' என்று சொல்லிவிடுவார்; குடிசை வீட்டில் சொல்லமாட்டார், குடித்துவிடுவார். 'அங்கே மறுத்தால் சாதியைப் பார்த்தோ ஏழ்மையைப் பார்த்தோ மறுத்ததாக அவர்கள் நினைப்பார்கள், ஐயா' என்பார். சமையற்கார அம்மாள் மாலையிலேயே சோறு வைத்து மூடிவிட்டுப் போய்விடுவார். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆறிப்போன அதைத்தான் உண்பார். மருந்து நினைவிருந்தால் போட்டுக்கொள்வார். எங்கள் பள்ளி விடுதிக் காப்பாளர் இதைக் கண்டு, இரவுச் சாப்பாட்டைக் கேரியரில் இரண்டு பையன்கள் வழியே அனுப்பத் தொடங்கினார். அவர்களுடன் பேசிக்கொண்டே உண்டதனால் மருந்தும் தவறாமல் சென்றது. மருந்தைவிடப் பேச்சே அவருக்கு மிகுதியும் உதவியது என்பது என் எண்ணம்.

அக்காலத்தில் என் மனத்தில் ஓடிய கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அரசு விதிப்படி 58 வயதில் ஓய்வு பெற வேண்டியவன். மாதந்தோறும் ஓய்வூதியம் வரும். உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்த குருவுக்கும் அவ்வாறே வரும். காலமெல்லாம் சிற்றூர்ப் பங்கிலே இருந்தவருக்கு அரசு ஓய்வூதியம் இல்லை. அவர் எவருடைய ஊழியரும் அல்லர். அவருடைய முதுமைக்கு மறைமாவட்டம் ஒன்றே பொறுப்பு.

அந்தப் பொறுப்பு சட்டமாக எழுதப்பட்ட கதை அண்மைக் காலத்தது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 டிசம்பர் 7-இல் குருக்களின் பணியும் வாழ்வும் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. நோயுற்றோர், வேலைச் சுமையால் நொந்தோர், தனிமையில் வாடுவோர் ஆகிய உடன்குருக்களை மற்றக் குருக்கள் தேடிப் பேண வேண்டும் என்றும், தக்க ஊதியமும் ஆண்டுதோறும் ஓய்வு நாள்களும் நோய்க்கும் முதுமைக்குமான ஏற்பாடும் வேண்டும் என்றும் அது கூறிற்று. 'வேலைச் சுமை', 'தனிமை' என்று அச்சங்கம் வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்கு முன் அவற்றைக் குருவின் தவம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதை விதிகளாக்கியது. நோய், இயலாமை, முதுமை ஆகியவற்றில் குருவுக்கு உதவி உரியது என்கிறது 281-ஆம் விதி. குருக்களைத் தாங்கும் நிதி அமைப்பு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்கிறது 1274-ஆம் விதி. பங்குக் குரு ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுப்பில் செல்லலாம் என்பது 533. 75 வயது நிறைந்தவர் பதவி விலகலை ஆயரிடம் அளிக்க வேண்டும் என்றும், அவ்வாறு விலகியவருக்கு வாழ்வூதியமும் உறைவிடமும் ஆயர் பார்த்துத் தர வேண்டும் என்றும் சொல்வது 538. குருக்கள் ஓரளவேனும் சேர்ந்து வாழும் வழக்கத்தையும் அத்தொகுப்பு ஊக்குகிறது. கஸ்பார் கொயெலோவின் வீட்டில் 1545-இல் தற்செயலாக நடந்ததைச் சட்டம் இப்போது விரும்பிக் கேட்கிறது என்க.

விதி எழுதியபின்னும் சோதனைகள் வந்தன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கடற்கரையையும் தாக்கியது. கோவளம், மாமல்லபுரம் பகுதி மீனவக் குப்பங்கள் பாதிக்கப்பட்டன. தெற்கே நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பகுதியில் உயிர்ச்சேதம் மிகப் பெரிது. அந்த நாள்களில் பிணங்களை அடக்கம் செய்யவும், பிள்ளையை இழந்த தாய்க்கு ஆறுதல் சொல்லவும் குருமார் இரவு பகல் நின்றார்கள். ஒரே நாளில் அத்தனை குழிகளின் ஓரம் நின்றவருக்கு உறக்கம் எப்படி வரும்? 2021-இல் கொள்ளை நோயின் இரண்டாம் அலையில் இந்தியாவெங்கும் பல குருமார் மாண்டார்கள். உடம்பின் நோய் ஒருபுறம் இருக்க, மனத்தின் களைப்பையும் நோயாகவே கருத வேண்டும் என்ற பேச்சு அதன்பின் குருமடங்களிலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

செங்கற்பட்டு மறைமாவட்டம் சென்னை–மயிலையிலிருந்து பிரிந்து தனியே அமைந்தது 2002-இல். மறைமாவட்டக் கணக்கில் இது மிகவும் இளையது. அவ்வாண்டில் 28 வயதில் குருப்பட்டம் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தில் கொடுப்பது போல ஒரு கணக்கு இது. இப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. காலையில் ஒரு பூசை, பத்து கிலோமீட்டர் தொலைவில் கிளைக் கோயிலில் இன்னொரு பூசை, பள்ளி நிருவாகம், அடக்கச் சடங்கு, நள்ளிரவு அழைப்பு என்று மோட்டார் சைக்கிளில் ஓடிக்கொண்டிருக்கிறார். 538-ஆம் விதி குறிக்கும் 75 வயது அவருக்கு 2049-இல் நிறையும். அவரோடு சேர்ந்து பட்டம் பெற்றவர்களும் அந்த ஆண்டை ஒட்டியே ஓய்வுக்கு வருவார்கள்.